கையை எடுத்த பிறகு

கூடத்துக்குள் நுழைந்த முதல் சில நிமிடங்களில் நான் மேலே தொங்கிய விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து ஆண்டுகளாகச் செவிலியராகப் பணிபுரிபவளுக்கு, எங்கேனும் ஒன்று துடிப்பதைக் கண்டால் பதினைந்து நொடிகள் எண்ணி அதை நான்கால் பெருக்கிப் பார்க்காமல் இருக்க முடியாது என்பதை அன்றுதான் அறிந்தேன். "மூன்றாவது வரிசையில் நான்காவது இருக்கிறதே, அது நூற்றுப்பத்துக்குக் குறையாது. யாரோ சின்னப் பிள்ளை" என்று இருட்டில் என் காதருகே குனிந்து சொன்னாள். நான் கலை பார்க்க வந்திருந்தேன். அவள் அந்தக் கூடத்தைப் பார்த்த மாத்திரத்திலேயே வார்டாக மாற்றிவிட்டாள். அன்றைய பொழுதில் எங்கள் இருவருள் படைப்பைச் சரியாகப் பார்த்தவள் அவள்தான் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

நாங்கள் நின்றிருந்தது 'பல்ஸ் ரூம்' என்னும் நிறுவல் கலைப் படைப்புக்குள். நாடித்துடிப்பின் அறை என்று அதைச் சொல்லிக்கொள்ளலாம். 1967இல் மெக்சிகோ நகரில் பிறந்து, கனடாவின் மாண்ட்ரியலில் வேதியியல் படித்துவிட்டுக் கலைப் பக்கம் திரும்பிய ரஃபயேல் லொசானோ-ஹெம்மர் 2006இல் இதை உருவாக்கினார். மெக்சிகோவின் புவெப்லா நகரில் முதன்முதலாகக் காட்டப்பட்டு, அடுத்த ஆண்டு வெனிஸ் பியன்னாலே என்னும் பன்னாட்டுக் கலைக் கண்காட்சியில் மெக்சிகோவின் அரங்குக்குச் சென்று, அதன் பிறகு பல நாடுகளின் அருங்காட்சியகங்களைச் சுற்றிவந்துகொண்டிருக்கும் படைப்பு அது. இடத்தின் அளவுக்கேற்ப நூறு முதல் முந்நூறு வரையிலான குண்டு பல்புகள், ஒவ்வொன்றும் 300 வாட், தலைக்கு மேல் சுமார் மூன்று மீட்டர் உயரத்தில் வரிசை வரிசையாகத் தொங்கும். ஒரு பக்கத்தில் ஒரு தாங்கியும் அதில் இரண்டு கைப்பிடிகளும் இருக்கும். கூடத்தில் உள்ள பொருட்கள் இவ்வளவுதான்.

கைப்பிடிகளை இரு கைகளாலும் பற்றிக்கொண்டால், உடற்பயிற்சிக் கூடத்து ஓடுபொறிகளில் உள்ளதைப் போன்ற உணர்வி (சென்சார்) உங்கள் நாடித்துடிப்பை அறிந்து, அருகில் உள்ள பல்பை அதே தாளத்தில் மின்ன வைக்கிறது. நீங்கள் கையை எடுத்த கணத்தில் எல்லா விளக்குகளும் ஒருமுறை அணைகின்றன. மீண்டும் அவை எரியத் தொடங்கும்போது உங்கள் துடிப்பு வரிசையின் முதல் விளக்குக்குச் சென்றிருக்கும். அங்கிருந்தது இரண்டாவதற்கும், இரண்டாவதில் இருந்தது மூன்றாவதற்கும் நகர்ந்திருக்கும். கடைசி விளக்கில் இருந்த யாரோ ஒருவரின் துடிப்பு கூடத்தை விட்டே வெளியேறியிருக்கும். ஆக, எந்த நேரத்தில் சென்று பார்த்தாலும் தலைக்கு மேல் துடித்துக்கொண்டிருப்பது அண்மையில் அந்தக் கைப்பிடியைப் பற்றிய சில நூறு பேரின் இதயங்கள்.

படிக்கும்போது எளிதாகத் தெரியும் இந்த ஏற்பாடு, நேரில் சற்று நேரம் புரியவே இல்லை. எனக்கு முன்னால் ஐந்தாறு பேர் நின்றார்கள். என் முறை வந்தபோது கைப்பிடிகளை இறுகப் பற்றினேன். சில நொடிகள் எதுவும் நடக்கவில்லை. "அவ்வளவு இறுக்காதே, சும்மா பிடி" என்றாள் அக்கா. பிடியைத் தளர்த்தியதும் மேலே இருந்த விளக்கு ஒருமுறை மினுங்கியது, பிறகு மறுபடி, பிறகு நிற்கவில்லை. தன் துடிப்பை விரலால் தொட்டுப் பார்ப்பது எல்லாரும் செய்வதுதான். அது உடலுக்கு வெளியே, கைக்கு எட்டாத உயரத்தில், பக்கத்தில் நிற்கும் அந்நியரின் முகத்திலும் வெளிச்சம் விழும்படி நிகழ்வது வேறு. எனக்கு முதலில் வந்தது கூச்சம். என்னையறியாமல் மூச்சை அடக்கினேன். விளக்கின் தாளம் சற்றே மாறியது போல் இருந்தது. அது மாறியதைக் கண்டு பதற்றம் கூடியது. பதற்றத்தையும் அது அப்படியே காட்டிக்கொடுத்தது. உள்ளே இருப்பதை மறைத்து முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளும் நெடுநாள் பழக்கத்துக்கு அந்த இடத்தில் எந்தப் பயனும் இல்லை.

கையை எடுத்தேன். கூடம் முழுவதும் இருண்டது. அந்த இருளின் நீளம் அரை நொடியோ ஒரு நொடியோ இருக்கலாம். ஆனால் எல்லா விளக்குகளும் ஒன்றாக அணையும் அந்த நொடியில் கூடத்தில் இருந்த அத்தனை பேரின் பேச்சும் தானாகவே நின்றதைக் கவனித்தேன். பிறகு நூற்றுக்கணக்கான துடிப்புகள் ஒன்றாகத் திரும்பின. முதல் விளக்கில் இருப்பது நான்தான் என்று தெரிந்ததால் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு அடுத்தவர் கையை எடுத்ததும் நான் இரண்டாவதானேன். நான்காவது இடம் வரை அடையாளம் தெரிந்தது. அதற்குள் எனக்கு முன்னும் பின்னும் இருந்தவர்களின் துடிப்பும் ஏறக்குறைய என்னுடையதைப் போலவே இருந்ததால், ஐந்தாவது நகர்வில் எது நான் என்பது எனக்கே தெரியாமல் போய்விட்டது. சற்று ஏமாற்றமாகத்தான் இருந்தது. என் இதயத்தை நானே அடையாளம் காண முடியவில்லை என்பதில் ஒருவித அவமானம்கூட இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

வரிசையில் நின்றவர்களில் பெரும்பாலோர் அந்த இடத்திலேயே படைப்பை முடித்துக்கொண்டார்கள். பற்றுவது, மேலே பார்ப்பது, கைபேசியை உயர்த்திப் படம் எடுப்பது, அடுத்த அறைக்குப் போவது என்று ஒருவருக்கு மூன்று நிமிடங்கள் ஆயின. அக்கா இல்லாவிட்டால் நானும் அப்படித்தான் போயிருப்பேன். ஆனால் அவள் கைப்பிடியின் பக்கமே வராமல் கூடத்தின் நடுவில் சென்று நின்றுகொண்டு, ஒவ்வொரு விளக்காகப் படிக்கத் தொடங்கியிருந்தாள். இது அமைதியானது, இது படியேறி வந்தவுடன் பிடித்திருக்கிறது, இதில் அவ்வப்போது ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வந்துவிட்டு, பிறகு ஓர் இடைவெளி விடுகிறது, பார். "பயப்பட ஒன்றுமில்லை, பலருக்கு வருவதுதான். பெரும்பாலும் அவர்களுக்கே தெரியாது" என்றாள். யாரென்று தெரியாத, அந்தக் கட்டடத்தை விட்டு எப்போதோ போய்விட்ட ஒருவரைப் பற்றி அவள் அவ்வளவு இயல்பாகக் கவலைப்பட்டுவிட்டு அடுத்த விளக்குக்குச் சென்றது எனக்கு வியப்பாக இருந்தது.

அவளோடு நின்று பார்க்கப் பார்க்கத்தான் இன்னொன்று புலப்பட்டது. விளக்குகள் தனித்தனியாகத் துடிக்கின்றன. ஆனால் கண் அவற்றைத் தனித்தனியாக விட்டுவைப்பதில்லை. ஒருவரின் துடிப்பு நிமிடத்துக்கு 72, பக்கத்து விளக்குக்காரரின் துடிப்பு 75 என்று வைத்துக்கொண்டால், இரண்டும் ஒருமுறை சேர்ந்து மின்னிய பின் மெல்ல மெல்ல விலகி, எதிரெதிராகி, மறுபடி நெருங்கி, சரியாக இருபதாவது நொடியில் மீண்டும் ஒன்றாக மின்னும். நூற்றுக்கணக்கான விளக்குகளில் இது ஓயாமல் நடக்கிறது. எங்கோ இரண்டு சேர்கின்றன, வேறெங்கோ மூன்று சேர்கின்றன, ஒரு வரிசையில் அலை ஓடுவது போல் தோன்றி, அது அலைதானா என்று உறுதி செய்வதற்குள் கலைந்துவிடுகிறது. யாரும் அதை அமைக்கவில்லை. தனித்தனியே வந்துபோனவர்களின் துடிப்புகளுக்கிடையே உள்ள சிறு சிறு வேறுபாடுகளால் மட்டும் அது நிகழ்கிறது. பங்கேற்பது பதினைந்து நொடி வேலையாக இருந்தது. இதைப் பார்ப்பதற்கு எங்களுக்கு ஒரு மணி நேரம் போதவில்லை.

இந்தப் படைப்பின் பிறப்பைப் பற்றி நான் பின்னால்தான் படித்தேன். லொசானோ-ஹெம்மரின் மனைவி இரட்டைக் குழந்தைகளைச் சுமந்திருந்தபோது, இரண்டு இதயங்களையும் ஒரே நேரத்தில் கேட்க வேண்டும் என்பதற்காக அவர் இன்னொரு ஸ்கேன் கருவியையும் கேட்டுப் பெற்றாராம். இரண்டு துடிப்புகளும் ஒன்றோடொன்று பொருந்தாமல் பின்னிக்கொண்டு எழுப்பிய தாளமே இப்படைப்பின் விதை. அக்காவிடம் இதைச் சொன்னபோது, கருவில் இருக்கும் குழந்தையின் இதயம் நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை ஓடும் என்பதையும், இரட்டையரைக் கண்காணிக்கையில் கருவி ஒரே குழந்தையை இருமுறை கேட்டுவிடாமல் பார்த்துக்கொள்வதே பெரிய வேலை என்பதையும் அவள் எனக்கு விளக்கினாள். அவள் நாள்தோறும் பிரித்துக் கேட்க முயல்வதை அந்தக் கலைஞர் சேர்த்துக் கேட்க விரும்பியிருக்கிறார்.

இன்னொரு விதை 1960இல் வெளிவந்த 'மக்காரியோ' என்னும் மெக்சிகத் திரைப்படம். அதில் வரும் குகையில் எண்ணற்ற மெழுகுவத்திகள் எரிகின்றன. ஒவ்வொன்றும் ஓர் உயிர். இந்தத் தகவலைக் கூடத்தின் வாசலிலேயே எழுதி மாட்டியிருந்தால் எனக்குப் பாதி அனுபவம் கெட்டிருக்கும் என்று நினைக்கிறேன். விளக்குகளைப் பார்க்காமல் மரணத்தைத் தேடிக்கொண்டிருந்திருப்பேன். தவிர, குகைக்கும் கூடத்துக்கும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. மெழுகுவத்தி தன் மெழுகு தீர்ந்து அணைகிறது. இங்கே எந்த விளக்கும் தீர்ந்து அணைவதில்லை. இன்னொருவர் வந்து கைப்பிடியைப் பற்றியதால்தான் கடைசியில் இருப்பவர் வெளியேறுகிறார். யாருமே வராவிட்டால் அவர் அங்கேயே துடித்துக்கொண்டிருப்பார். நான் முதல் விளக்கில் இடம்பிடித்தபோது கடைசியில் இருந்த ஒருவரை வெளியே தள்ளினேன் என்பது கையை எடுத்த பின்புதான் எனக்கு உறைத்தது. பற்றும்போது அந்த முனையை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

குண்டு பல்பு பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். மின்சாரத்தின் பெரும்பகுதியை வெப்பமாக வீணடிக்கும் இந்த விளக்கைப் பல நாடுகள் கைவிட்டுவிட்டன. ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் தொடங்கி 2012க்குள் வீட்டு விளக்குகளின் விற்பனையில் இருந்து இதைப் படிப்படியாக விலக்கியது. எல்இடி விளக்கைப் பொருத்தினால் மின்கட்டணமும் குறையும், கூடத்தின் வெக்கையும் குறையும். ஆனால் எல்இடி சட்டென்று எரிந்து சட்டென்று அணைவது. டங்ஸ்டன் இழை அப்படிச் செய்யாது. சூடேறுவதற்குக் கண நேரம் எடுத்துக்கொள்கிறது. மின்சாரம் நின்ற பின்னும் மஞ்சளாகி, சிவந்து, ஆறி அடங்குகிறது. துடிப்புக்கும் துடிப்புக்கும் இடையே இழையில் எஞ்சி நிற்கும் அந்தச் செம்மைதான் விளக்கின் மினுக்கத்தை இதயமாக்குகிறது. அது இல்லாவிட்டால் கடை வாசலில் மாட்டிய அலங்காரத் தொடர்விளக்குக்கும் இதற்கும் அதிக வேறுபாடு இருக்காது. உற்பத்தி நின்றுபோகும் பொருளை நம்பியிருக்கும் படைப்பை எப்படிக் காப்பது என்பது சிறிய கேள்வியன்று. மின்னணுக் கலையைப் பாதுகாக்கும் நடைமுறைகள் குறித்து 2015இல் லொசானோ-ஹெம்மரே ஒரு நீண்ட வழிகாட்டியை எழுதிப் பொதுவில் வைத்திருக்கிறார்.

பார்வையாளரை உள்ளே இழுத்துக்கொள்ளும் கலை புதியதன்று. அதன் சிக்கல்களும் புதியவையல்ல. 1971இல் லண்டன் டேட் கலைக்கூடத்தில் அமெரிக்கச் சிற்பி ராபர்ட் மோரிஸ் ஒட்டுப்பலகைச் சரிவுகளையும் உத்தரங்களையும் கயிறுகளையும் எடைக்கற்களையும் வைத்து, ஏறுங்கள், இழுங்கள், சமநிலையில் நடங்கள் என்று மக்களை அழைத்தார். மக்கள் அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு அந்த அழைப்பை ஏற்றதால் பலருக்குக் காயம் பட்டது. கண்காட்சி நான்கே நாட்களில் மூடப்பட்டது. அதே நிறுவனத்தின் டர்பைன் கூடத்தில் 2003 அக்டோபரில் கலைஞர் ஓலாஃபுர் எலியாசன் நிறுவிய செயற்கைச் சூரியனில் இழுக்கவோ அழுத்தவோ எதுவுமே இல்லை. ஒற்றை மஞ்சள் நிற ஒளியை உமிழும் விளக்குகளால் ஆன அரைவட்டமும், அதை முழுவட்டமாகக் காட்டும் கண்ணாடிக் கூரையும், மென்மூட்டமும் மட்டுமே இருந்தன. ஆனாலும் வந்தவர்கள் தரையில் மல்லாந்து படுத்தார்கள். கூரையில் தெரியும் தங்கள் சிற்றுருவங்களைப் பார்த்துக் கைகால்களை அசைத்தார்கள். முன்பின் அறியாதவர்களோடு சேர்ந்து உருவங்கள் அமைத்தார்கள். ஏறக்குறைய ஐந்து மாத காலத்தில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்த அந்தக் கூடத்தில், எப்படிப் பங்கேற்க வேண்டும் என்று யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இன்னொரு வகையும் உண்டு. ராண்டம் இன்டர்நேஷனல் என்னும் கலைஞர் குழுவினர் 2012இல் லண்டன் பார்பிகன் கலை மையத்தில் காட்டிய 'ரெயின் ரூம்' என்னும் செயற்கை மழைக்குள் நடப்பவரைக் கேமராக்கள் பின்தொடர, அவர் இருக்கும் இடத்தில் மட்டும் மழை நின்றுவிடும். மெல்ல நடந்தால் நனைய மாட்டீர்கள். ஓடினால் உணர்விகளால் உங்களை எட்டிப்பிடிக்க முடியாது, நனைவீர்கள். பார்வையாளரை அதட்டாமலேயே நிதானம் கற்பிக்கும் ஏற்பாடு என்ற வகையில் எனக்கு அது பிடித்தமானது. ஆனால் அங்கே ஒவ்வொருவரும் தன்னைச் சுற்றி ஒரு வறண்ட வட்டத்தைச் சுமந்துகொண்டு நடக்கிறார். சுற்றிலும் முகம் பார்க்கும் கண்ணாடி பதித்து எல்லையின்றி விரிவதாகக் காட்டும், ஜப்பானியக் கலைஞர் யாயோய் குசாமாவின் கண்ணாடி அறைகளிலோ நேரமே பெரும் தட்டுப்பாடு. 1965இல் அவர் முதல் கண்ணாடி அறையைச் செய்தபோது இப்படி வரிசைகள் நீளும் என்று யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். 2017இல் வாஷிங்டனின் ஹிர்ஷ்ஹார்ன் அருங்காட்சியகத்தில் ஓர் அறைக்குள் அரை நிமிடம்தான் நிற்க விட்டார்கள். அந்த அரை நிமிடத்துக்குள் தன்னைத்தானே படமெடுத்துக்கொள்ள முயன்ற ஒருவர் இடறி, அங்கே வைத்திருந்த ஒளிரும் பூசணிச் சிற்பங்களில் ஒன்று சேதமானது. அந்த மனிதரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எல்லையின்மையை அரை நிமிடத்தில் பார்த்து முடி என்றால், கைபேசியைத் தவிர வேறு எதை நம்புவது?

'பல்ஸ் ரூம்' என்னை இவற்றைவிட அதிகம் பிடித்துவைத்ததற்குக் காரணம், கையை எடுத்தவருக்கும் இன்னும் பற்றாதவருக்கும் அதில் வேலை இருந்தது என்பதே. பல ஊடாடும் படைப்புகளில் நீங்கள் அசைந்தால் சுவர் அசைகிறது, நீங்கள் நின்றால் சுவர் நிற்கிறது. விலகியதும் உங்கள் தடயமே இருப்பதில்லை, பின்னால் காத்திருப்பவருக்குப் பார்க்க எதுவும் இருப்பதில்லை. அவற்றை விளையாட்டுக் கருவிகள் என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை; நல்ல விளையாட்டுக் கருவிகள், ஆனால் கருவிகள்.

அடுத்த அறையில் இதே கலைஞரின் 'பல்ஸ் இன்டெக்ஸ்' இருந்தது. விரலை ஒரு துளைக்குள் நுழைத்தால், உள்ளே இருக்கும் நுண்ணோக்கி ரேகையைப் படமெடுத்து, நாடித்துடிப்போடு சேர்த்துச் சுவரில் பெரிதாக்கிக் காட்டுகிறது. புதிய ரேகை வர வர, பழையவை சிறுத்து நகர்ந்து கடைசியில் அழிகின்றன. நான் விரலை நீட்டினேன். அக்கா மறுத்துவிட்டாள். "நாங்கள் ஒருவருடைய நாடியைக் குறித்துவைத்தால் அந்தத் தாளை யார் பார்க்கலாம், யார் பார்க்கக் கூடாது என்று ஒரு முறை இருக்கிறது. இது சுவர்." பெயர் எதுவும் இல்லையே, சற்று நேரத்தில் அழிந்துவிடுமே என்றேன். "ரேகைக்கு எதற்குப் பெயர்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. கண்காணிப்புக்காக உருவாக்கப்பட்ட கருவிகளை எடுத்துக் கலையாக்குவது லொசானோ-ஹெம்மரின் நெடுநாள் வழக்கம். ஆகவே அக்காவின் மறுப்பு படைப்புக்கு எதிரானதன்று, அது எழுப்ப நினைத்த கேள்விக்கு அன்று கிடைத்த நேர்மையான விடை என்றே கொள்கிறேன். சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு விரிந்து கிடந்த என் ரேகையைப் பார்த்தபோது எனக்கே சற்று நெருடலாகத்தான் இருந்தது.

ஆனால் திரும்பும் வழியில் அவளே விளக்குகளின் கூடத்துக்குள் மறுபடி நுழைந்தாள். "இதில் பெயரும் இல்லை, ரேகையும் இல்லை" என்று சொல்லிவிட்டு, யாரும் இல்லாத அந்த நேரத்தில் கைப்பிடிகளைப் பற்றிக்கொண்டாள். இறுக்கவில்லை. விளக்கு உடனே ஏற்றுக்கொண்டது. நான் அவளுடைய முறையிலேயே பதினைந்து நொடிகள் எண்ணினேன், பதினான்கு வந்தது. நாள்தோறும் அதிகாலையில் ஒரு மணி நேரம் நடப்பவளின் இதயம். அவ்வளவு பொறுமையான விளக்கு அந்தக் கூடத்தில் அதற்கு முன் என் கண்ணில் படவில்லை. இழை முழுவதுமாகச் சிவந்து அடங்கிய பிறகே அடுத்த துடிப்பு வந்தது.

அவள் கையை எடுத்த சற்று நேரத்தில் பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் ஒன்று உள்ளே வந்தது. பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். இரண்டாவது பிள்ளையே கண்டுபிடித்துவிட்டது: கூடத்தின் அந்தக் கோடிவரை ஓடிப்போய்த் திரும்பிவந்து பற்றினால் விளக்கு படபடவென்று அடித்துக்கொள்ளும். உடனே எல்லாரும் ஓடத் தொடங்கினார்கள். ஆசிரியை ஓடாதீர்கள் என்றார். பிள்ளைகள் நின்ற இடத்திலேயே குதித்தார்கள். ஒரு சிறுவன் மட்டும் நேர்மாறாகச் செய்ய முடியுமா என்று பார்ப்பவனைப் போலக் கண்களை மூடிக்கொண்டு, உதடுகளை இறுக்கி, வெகுநேரம் பற்றிக்கொண்டு நின்றான். ஒவ்வொருவரும் கையை எடுத்தபோதும் கூடம் இருண்டு திரும்பியது. ஒவ்வொரு முறையும் அக்கா ஓர் இடம் பின்னால் போனாள்.

என்னுடைய துடிப்பை ஐந்தாவது விளக்கில் தொலைத்தவன் நான். அக்காவுடையதைத் தொலைக்கவில்லை. அவளுக்குப் பின்னால் வந்தவை அத்தனையும் துள்ளிக்கொண்டிருக்க, அந்தக் கூட்டத்தின் எல்லையில் ஒரே ஒரு விளக்கு மட்டும் நிதானமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்ததால், எட்டாவதிலும் தெரிந்தது, பதினொன்றாவதிலும் தெரிந்தது. பிள்ளைகள் போன பின் ஆசிரியை ஒருமுறை பற்றினார். அவருக்குப் பின் ஒரு முதியவர்.

அக்கா வாசலில் நின்று பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். "இன்னும் ஓடுகிறதா?" என்று அங்கிருந்தே கேட்டாள்.

"ஓடுகிறது" என்றேன்.